36 தேர்தலில் ஒரே கட்சி, 37-வதில் என்ன ஆனது?

கேள்வி இதுதான்: "கென்டக்கி மாநிலத்தில் எலியட் என்று ஒரு கிராமப்புறக் கவுண்டி, 140 வருஷம் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு 2016-ல் ஒரே ராத்திரியில் டிரம்ப்புக்கு 70 சதவீதம் கொடுத்தது எப்படி? நிலக்கரியா, இனவெறியா, இல்லை ஏமாந்து போனார்களா?"

மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் மூன்றில் எதுவும் பதில் இல்லை என்பது என் வாதம். அமெரிக்கத் தேர்தல் வரைபடங்களைப் பல வருஷமாக நோண்டிக்கொண்டிருப்பவன் நான். இந்த ஒரு கவுண்டியைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது, அதனால் பொறுமை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

முதலில் இடம். கென்டக்கியில் மொத்தம் 120 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம், தாலுகா மாதிரியான நிர்வாகப் பகுதிகள்). அதில் வடகிழக்கு மூலையில், அப்பலாச்சிய மலையடிவாரத்தில் இருப்பது எலியட். தலைமையூர் சாண்டி ஹூக். ஊர் என்று சொன்னாலும் சில நூறு பேர்தான், கோர்ட்டும் பள்ளிக்கூடமும் நாலைந்து கடைகளும். 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டியின் மொத்த ஜனத்தொகை 7,354. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: 2000-ல் 6,748 ஆக இருந்தது 2010-ல் 7,852 ஆனதைப் பார்த்து ஊர் வளர்கிறது போல என்று நினைத்துவிடக் கூடாது. 2005-ல் அங்கே மாநில அரசு ஒரு சிறைச்சாலையைத் திறந்தது, கைதிகளும் ஜனத்தொகைக் கணக்கில் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். கைதிகளுக்கு ஓட்டுக் கிடையாது. அதிபர் தேர்தலில் அங்கே விழும் மொத்த ஓட்டே மூவாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். நம் பக்கத்துப் பெரிய அபார்ட்மென்ட் சங்கத் தேர்தல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏன் இந்தச் சின்ன இடத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு? 1869-ல் மோர்கன், கார்ட்டர், லாரன்ஸ் ஆகிய மூன்று கவுண்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வெட்டியெடுத்து உருவாக்கிய கவுண்டி இது. அது கலந்துகொண்ட முதல் அதிபர் தேர்தல் 1872. அன்றிலிருந்து 2012 வரை 36 தேர்தல்கள், 36-லும் ஜனநாயகக் கட்சிதான். அமெரிக்காவில் வேறு எந்தக் கவுண்டியும் அந்தக் கட்சிக்கு இப்படி விடாமல் இவ்வளவு காலம் ஓட்டுப் போட்டதில்லை.

இந்த 36-ஐச் சும்மா எண்ணிக்கையாகப் பார்த்தால் ருசி தெரியாது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 1928-ல் ஜனநாயகக் கட்சி அல் ஸ்மித்தை நிறுத்தியது. நியூயார்க்காரர், கத்தோலிக்கர், மதுவிலக்கை எதிர்த்தவர். தெற்கே இருந்த கிராமப்புறப் புராட்டஸ்டன்ட் ஊர்கள் பல அவரைக் கைவிட்டன, கென்டக்கி மாநிலமே குடியரசுக் கட்சியின் ஹூவர் பக்கம் போனது. எலியட் அசையவில்லை. 1968-ல் தெற்கு ஜனநாயகக் கட்சியினர் ஏராளமானோர், இனப் பிரிவினையை ஆதரித்துத் தனியாக நின்ற ஜார்ஜ் வாலஸ் பின்னால் போனபோது இந்த ஊர் கட்சி வேட்பாளர் ஹம்ப்ரிக்குப் போட்டது. 1972-ல் மெக்கவர்ன். 50 மாநிலங்களில் 49-ஐத் தோற்றவர், இடதுசாரி, வியட்நாம் போரை எதிர்த்தவர், ஹிப்பிகளின் வேட்பாளர் என்று எதிர்க்கட்சி கிண்டல் செய்த மனிதர். அவரும் இங்கே ஜெயித்தார். 1984-ல் ரீகன் அலையில் மாண்டேல் 49 மாநிலங்களை இழந்தார், எலியட்டை இழக்கவில்லை.

மெக்கவர்னுக்கு ஓட்டுப் போட்ட இந்த ஊர்க்காரர்கள் மெக்கவர்னின் கொள்கையை ஏற்றுக்கொண்டவர்களா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி, தேவாலயம் என்று எதை எடுத்தாலும் பழமையில் ஊறிய ஊர். அப்படியானால் எதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்? அதற்கு 1861-க்குப் போக வேண்டும்.

கென்டக்கி ஒரு எல்லை மாநிலம். அடிமை முறை இருந்தது, ஆனால் பிரிந்து போகவில்லை. அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்குக் கூட்டமைப்புக்கும் வடக்கத்தி ஒன்றியத்துக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது முதலில் நாங்கள் நடுநிலை என்று அறிவித்துப் பார்த்தது, அது சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை, ஒன்றியத்தோடு நின்றது. ஆனால் மாநிலத்துக்குள்ளே ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனித்தனியாகப் பக்கம் பிரிந்தது. அண்ணன் இந்தப் படை, தம்பி அந்தப் படை என்பதெல்லாம் அங்கே நிஜமாகவே நடந்தது. போர் முடிந்த பிறகு கென்டக்கி விநோதமாகத் திரும்பியது: ஜெயித்த பக்கத்தில் இருந்த மாநிலம், மத்திய ராணுவத்தின் கெடுபிடியாலும் அடிமைகள் விடுதலையான கோபத்தாலும், மனதளவில் தோற்ற பக்கத்துக்குப் போய்விட்டது. அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்தை அந்த மாநிலம் 1976-ல்தான் ஒப்புக்கு அங்கீகரித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியரசுக் கட்சி என்றால் லிங்கன் கட்சி, வடக்கத்திக் கட்சி. எனவே தெற்குப் பக்கம் சாய்ந்த ஊர்கள் ஜனநாயகக் கட்சி, ஒன்றியத்துக்காகச் சண்டை போட்ட மலை ஊர்கள் குடியரசுக் கட்சி. எலியட் வெட்டியெடுக்கப்பட்ட மோர்கன் கவுண்டி தெற்குச் சார்புள்ள இடம். கவுண்டிக்கு யார் பெயரை வைத்தார்கள் என்பதில் அப்பாவா மகனா என்று ஒரு பழைய வாதம் உண்டு. மகன் ஜான் மில்டன் எலியட், தெற்குக் கூட்டமைப்பின் காங்கிரஸிலேயே உறுப்பினராக இருந்தவர். (பின்னாளில் மாநில உயர் நீதிபதி ஆனார். 1879-ல் ஒரு நில வழக்கின் தீர்ப்பில் ஆத்திரம் கொண்டவன் அவரைத் தலைநகரத்திலேயே சுட்டுக் கொன்றான்.)

இப்போது இங்கிருந்து தென்மேற்கே சுமார் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் ஜாக்சன் கவுண்டி. அதே மலை, அதே வெள்ளைக்காரக் கிராமத்து மக்கள், அதே பாப்டிஸ்ட் தேவாலயங்கள், அதே வறுமை. ஆனால் அந்த ஊர் ஒன்றியப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர், அதனால் போருக்குப் பிறகு ஒரு தடவைகூட ஜனநாயகக் கட்சிக்காரர் அங்கே அதிபர் தேர்தலில் ஜெயித்ததில்லை. 1964-ல் ஜான்சன் நாட்டையே வாரிச் சுருட்டியபோதும் அது கோல்ட்வாட்டருக்குத்தான் போட்டது. இதில் உச்சகட்ட நையாண்டி, அந்தக் கவுண்டிக்குப் பெயர் ஆண்ட்ரூ ஜாக்சன் நினைவாக வைத்தது, அதாவது ஜனநாயகக் கட்சியை உருவாக்கிய ஆளின் பெயர்!

இந்த இரண்டு கவுண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, ஏழைகள் என்பதால் ஜனநாயகக் கட்சி, மதப்பற்று என்பதால் குடியரசுக் கட்சி என்று டிவியில் உட்கார்ந்து சொல்கிற சூத்திரம் எல்லாம் உதிர்ந்துவிடும். தாத்தா எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போருக்குப் போனார் என்பதுதான் நூறு வருஷத்துக்கு ஓட்டைத் தீர்மானித்தது.

இன்னொன்று, கென்டக்கியில் மாநிலத் தேர்தல்களில் 1891 வரை ரகசிய வாக்கெடுப்பே கிடையாது. வாக்குச்சாவடியில் நின்று, ஊரார் காது கேட்க, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத்தர் குறித்துக்கொள்வார். அமெரிக்காவிலேயே இந்த முறையைக் கடைசியாக விட்ட மாநிலம் இதுதான். மாமனார், கடைக்காரர், நிலத்துக்காரர், போதகர் எல்லோரும் நிற்கும்போது உரக்கச் சொல்லும் ஓட்டு எப்படிச் சொந்தக் கருத்தாக இருக்கும்? அது குலப்பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. எலியட்டின் முதல் தலைமுறை அப்படிப் பழகியது.

சரி, போர் நினைவு ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை தாங்கும். அப்புறம் எப்படி 2012 வரை ஓடியது? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிற விஷயம், கோர்ட் ஹவுஸ்.

அமெரிக்கக் கவுண்டியில் கோர்ட் ஹவுஸ் என்றால் வெறும் நீதிமன்றம் இல்லை, நம்மூர் தாலுகா ஆபீஸ், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், பஞ்சாயத்து யூனியன் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் எப்படியோ அப்படி. கென்டக்கியில் அங்கே உட்காருகிற எல்லோருமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கவுண்டி நிர்வாகத் தலைவருக்கு ஜட்ஜ் எக்ஸிக்யூட்டிவ் என்று பெயர் (பெயரில்தான் ஜட்ஜ், வழக்கு எதுவும் விசாரிப்பதில்லை). அப்புறம் ஷெரிஃப், கிளர்க், சொத்து மதிப்பீட்டாளர், பிரேதப் பரிசோதனைக்கு ஒரு ஆள், ஜெயிலர். ஆமாம், ஜெயிலரும் தேர்தலில் நின்று ஜெயித்து வர வேண்டும், அந்தப் பதவி மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சிறையே இல்லாத கவுண்டிகள்கூட ஜெயிலரைத் தேர்ந்தெடுக்கின்றன.

தொழிற்சாலை இல்லாத, ரயில் இல்லாத ஊரில் மாதச் சம்பளம் என்றால் பள்ளிக்கூடம், சாலைப் பராமரிப்பு, கவுண்டி ஆபீஸ், பின்னாளில் சிறைச்சாலை. பஸ் டிரைவர் வேலையோ சமையல்கூட வேலையோ யாருக்குக் கிடைக்கும், உங்கள் வீட்டுக்குப் போகும் மண் பாதைக்கு ஜல்லி எப்போது வரும் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறவர்களை நீங்கள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கட்டடம் முழுக்க ஜனநாயகக் கட்சி.

இதற்கு மேலே ஒரு பூட்டு. கென்டக்கியில் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தல் மூடிய தேர்தல், அதாவது அந்தக் கட்சிக்காரர் என்று பதிவு செய்தவர்கள்தான் அதில் ஓட்டுப் போடலாம். கட்சியை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் முந்தின வருஷம் டிசம்பர் 31-க்குள் மாற்றியாக வேண்டும். எலியட்டில் ஷெரிஃப் யார் என்பது மே மாத முதற்கட்டத் தேர்தலிலேயே முடிவாகிவிடும், நவம்பர் வெறும் சடங்கு. அப்படி இருக்கும்போது குடியரசுக் கட்சியில் பதிவு செய்வது என்றால், ஊர் விஷயத்தில் எனக்கு ஓட்டே வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது மாதிரி. அதனால்தான் அங்கே 10-ல் 9 பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சியில் பதிந்திருந்தார்கள். இந்த 90 சதவீதத்தைப் பார்த்துவிட்டு அடடா எவ்வளவு பெரிய கோட்டை என்று வெளியூர் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அந்தப் பதிவின் பாதிக்கு மேல் காரணம் ஷெரிஃபும் ஜெயிலரும்தான் என்பேன் நான்.

மூன்றாவதாக ஒரு கயிறு இருந்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புகையிலை.

இந்த மலைச்சரிவுகளில் பெரிய விவசாயம் நடக்காது. ஆனால் பர்லி என்ற வகைப் புகையிலையை ஓர் ஏக்கர் அரை ஏக்கரில்கூடப் போட்டுக் காசு பார்க்கலாம். ரூஸ்வெல்ட் காலத்தில், 1930-களில், விலை விழாமல் இருக்க மத்திய அரசு ஒதுக்கீட்டு முறை கொண்டுவந்தது: இன்ன நிலத்துக்கு இவ்வளவு புகையிலை விற்கலாம் என்று ஒரு பங்கு, அதற்கு ஒரு குறைந்தபட்ச விலை உத்தரவாதம். அந்தப் பங்கு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும், வேண்டாமென்றால் குத்தகைக்கும் விடலாம். கோடையின் கடைசியில் செடியை வெட்டி, நீளக் குச்சியில் குத்தி, கொட்டகையில் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டுக் காற்றிலேயே உலர்த்தி, குளிர்காலத்தில் ஏலக் கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பணம் கிறிஸ்துமஸ் சமயத்தில் கைக்கு வரும். பிள்ளைகளுக்கு ஷூ, கடை பாக்கி, நிலவரி எல்லாம் அதில்தான். ரூஸ்வெல்ட் படத்தைச் சுவரில் மாட்டிய தலைமுறைக்கு ஜனநாயகக் கட்சி என்றால் இந்த டிசம்பர் மாதக் காசோலை.

அந்த ஒதுக்கீட்டு முறையை 2004 அக்டோபரில் சட்டம் போட்டு முடித்தார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு, பத்து வருஷத் தவணையில், 2005-லிருந்து 2014 வரை. வயதானவர்கள் பலர் அந்தத் தவணையை வாங்கிக்கொண்டு புகையிலையை விட்டுவிட்டார்கள். கடைசித் தவணை 2014, கவுண்டி புரண்டது 2016. இதைக் காரணம் காரியம் என்று நான் முடிச்சுப் போடவில்லை, புகையிலைக் காசு நின்றதால் டிரம்ப்புக்குப் போட்டேன் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் மத்திய அரசோடும் அந்தக் கட்சியோடும் ஒரு சின்ன விவசாயிக்கு இருந்த கடைசி நேரடிக் கொடுக்கல் வாங்கல் அதோடு தீர்ந்துபோனது. கயிறு அறுந்த பிறகும் மாடு கொஞ்ச நேரம் அதே இடத்தில் நிற்கும் இல்லையா, அந்த மாதிரி.

இப்போது ஒரே ராத்திரி விவகாரத்துக்கு வருவோம். எண்களை வரிசையாகப் பாருங்கள். 2004-ல் ஜனநாயகக் கட்சியின் கெர்ரிக்கு சுமார் 70 சதவீதம். 2008-ல் ஒபாமாவுக்கு 61. 2012-ல் அவருக்கே 49, குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 47, வித்தியாசம் ஓட்டுக் கணக்கில் வெறும் 60. 2016-ல் ஹிலாரி கிளின்டனுக்கு 26, டிரம்ப்புக்கு 70. ராத்திரி என்றால் பன்னிரண்டு வருஷ ராத்திரி. 2004-ல் கெர்ரி வாங்கியதும் 2016-ல் டிரம்ப் வாங்கியதும் ஏறத்தாழ ஒரே எண் என்பது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

2012 வரைபடம் நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், கென்டக்கியின் 120-ல் ஒபாமா ஜெயித்தது நாலே நாலு. லூயிவில் இருக்கும் ஜெஃபர்சன், லெக்சிங்டன் இருக்கும் ஃபாயெட், மாநிலத் தலைநகரம் இருக்கும் ஃபிராங்க்ளின், நாலாவது எலியட். இரண்டு பெருநகரம், ஓர் அரசு ஊழியர் நகரம், அப்புறம் சம்பந்தமே இல்லாமல் மலைக்குள் ஒரு நீலப்புள்ளி (வரைபடத்தில் ஜனநாயகக் கட்சியின் நிறம் நீலம்). அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், அது தாங்காது என்று. 2016-ல் முதல் இரண்டு மட்டும் மிஞ்சின.

இனவெறி என்ற விளக்கம் எங்கே இடறுகிறது என்றால், கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்களே உள்ள இந்தக் கவுண்டி 2008-ல் ஒரு கறுப்பின வேட்பாளருக்கு 61 சதவீதம் கொடுத்தது. நாட்டின் பெரும்பாலான வெள்ளைக்கார ஊர்களில் அவருக்குக் கிடைக்காத எண் அது. ஆனால் அதற்காக நிறத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று கையை உதறவும் முடியாது. நாடு முழுக்க ஜனநாயகக் கட்சி ஓட்டு ஏறிய வருஷத்தில் இங்கே ஒன்பது புள்ளி இறங்கியிருக்கிறது. பக்கத்து மலைக் கவுண்டிகள், நாட், ஃபிளாய்ட் போன்றவை, 2004-ல் கெர்ரியோடு நின்றவை, 2008-லேயே குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் பக்கம் போய்விட்டன. 2012-ல் கென்டக்கி ஜனநாயகக் கட்சி முதற்கட்டத் தேர்தலில், பதவியில் இருக்கும் சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் 42 சதவீதம் பேர் குத்தினார்கள். எதிரில் ஒரு ஆள்கூட நிற்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படியுங்கள்.

நிலக்கரி விளக்கம் பக்கத்து வீட்டுக் கதையைத் தூக்கி இங்கே ஒட்டுவது. நாட், ஃபிளாய்ட், பைக் எல்லாம் சுரங்கத் தொழிற்சங்கம் வளர்த்த ஊர்கள், அங்கே நிலக்கரி அரசியல் உண்மை. எலியட் பெரிய சுரங்க ஊரே இல்லை. ஆனால் சுற்றிலும் அந்தப் பேச்சு, ஒபாமா நிலக்கரி மேல் போர் தொடுத்துவிட்டார் என்று. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டன் ஒஹையோவில் பேசும்போது நிறைய சுரங்கத் தொழிலாளிகளுக்கும் கம்பெனிகளுக்கும் தொழில் போகப் போகிறது என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் மாற்றுவேலை பற்றிச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அதைவிட நேரடி அடி ஆஷ்லண்டிலிருந்து வந்தது. வடக்கே ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் எஃகு ஆலைதான் இந்த வட்டாரத்தில் நல்ல சம்பளம் கொடுத்த இடம், மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போய் வேலை பார்த்தவர்கள் உண்டு. 2015 டிசம்பரில் அதன் ஊது உலையை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போனது. 11 மாதத்தில் தேர்தல்.

அதே 2015-ல்தான் மேற்கே ஒட்டியிருக்கும் ரோவன் கவுண்டியில், ஒருபாலினத் திருமணத்துக்கு உரிமம் தர மாட்டேன் என்று மறுத்த கிளர்க் கிம் டேவிஸ் சிறைக்குப் போய் உலகச் செய்தியானார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜனநாயகக் கட்சிச் சார்பில் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சிறையிலிருந்து வந்த பிறகு கட்சி மாறினார். இந்த ஊர்களின் கட்சிக்காரர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் இந்த முரண்பாடு யாரையும் தொந்தரவு செய்யவில்லை. 2004-ல் ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்யும் மாநிலத் திருத்தத்தைக் கென்டக்கி முக்கால்வாசி ஓட்டில் நிறைவேற்றியது, அதே வாக்குச்சீட்டில் எலியட் கெர்ரிக்கு 70 கொடுத்தது. வாஷிங்டன் கட்சி வேறு, நம்ம ஊர்க் கட்சி வேறு, இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று என்ற ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டை உடைத்தது என்ன என்று என்னை ஒரே வரியில் கேட்டால், வாஷிங்டன் செய்தி நேராக வீட்டுக்குள் வந்ததுதான் என்பேன். 24 மணி நேர கேபிள் டிவி, அப்புறம் ஃபேஸ்புக். கோர்ட் ஹவுஸ் படிக்கட்டில் நின்று ஷெரிஃப் சொல்வதே கட்சியின் குரலாக இருந்த காலம் போய், நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் பேசுகிறவர்கள்தான் உன் கட்சி என்று தினமும் காட்ட ஆரம்பித்தார்கள். இது என் ஊகம், எண்ணால் நிரூபிக்கக்கூடியது இல்லை. ஆனால் அதன் நிழலை எண்களில் பார்க்கலாம், ஏனென்றால் ஊர்க் கட்சி அதற்குப் பிறகும் சாகவில்லை.

ராக்கி அட்கின்ஸைப் பாருங்கள். சாண்டி ஹூக்காரர், 1987-லிருந்து மாநில சட்டசபை உறுப்பினர், ஜனநாயகக் கட்சியின் சபைத் தலைவராகப் பல வருஷம் இருந்தவர். துப்பாக்கி, கருக்கலைப்பு விஷயங்களில் ஊரோடு ஒத்துப்போகிற மனிதர், ரோடும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்தவர் என்ற பெயர். 2016-ல் குடியரசுக் கட்சி 1921-க்குப் பிறகு முதல்முறையாகக் கென்டக்கி சட்டசபையைப் பிடித்தது, அந்த அலையிலும் அவர் ஆசனம் தப்பியது. டிரம்ப்புக்கும் அட்கின்ஸுக்கும் ஒரே நாளில், ஒரே சீட்டில் ஓட்டுப் போட்டார்கள். கவனிக்க வேண்டியது, கென்டக்கியில் ஒரே ஒரு கட்டத்தைக் குத்தினால் மேலிருந்து கீழ்வரை அந்தக் கட்சிக்கே ஓட்டு விழும் வசதி இருக்கிறது. அதைக் குத்தாமல் பெயர் பெயராகத் தேடிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், தெரியாமல் போட்ட ஓட்டு என்று எப்படிச் சொல்வது? ஏமாந்து போனார்கள் என்கிற மூன்றாவது விளக்கத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

அட்கின்ஸ் 2019-ல் கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி முதற்கட்டத் தேர்தலில் நின்று, ஆண்டி பெஷீரிடம் தோற்று இரண்டாவதாக வந்தார். நவம்பரில் பெஷீர் மாநிலம் முழுக்க 5,136 ஓட்டு வித்தியாசத்தில் கவர்னரானார், எலியட் அவருக்குத்தான் போட்டது. டிரம்ப்புக்கு 70 கொடுத்த மூன்று வருஷத்தில்! பெஷீர் அட்கின்ஸைத் தன் மூத்த ஆலோசகராக வைத்துக்கொண்டார். மறுவருஷம் 2020 அதிபர் தேர்தலில் அதே கவுண்டி டிரம்ப்புக்கு சுமார் 75 சதவீதம் கொடுத்தது. 2024-ல் அதைவிடவும் கூடியது. கென்டக்கி கவர்னர் தேர்தலை அதிபர் தேர்தல் இல்லாத ஒற்றைப்படை வருஷத்தில் வைத்திருப்பதால்தான் இந்த இரட்டை வாழ்க்கை இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது என்று எனக்குத் தோன்றும்.

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அரசாங்க மருத்துவக் காப்பீடு வாங்குகிற மக்கள் அதைக் கொடுத்த கட்சிக்கே எதிராக எப்படிப் போடலாம் என்று கோபப்படுவார்கள். கென்டக்கியில் 2014-ல் ஸ்டீவ் பெஷீர் (ஆண்டியின் அப்பா) கவர்னராக இருந்தபோது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கினார், கிழக்கு மலைப் பகுதிக்கு அதனால் பெரிய பலன். அடுத்த வருஷமே அதை எதிர்த்துப் பேசிய குடியரசுக் கட்சியின் மேட் பெவின் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். ஆனால் காப்பீடு வாங்குகிறவரும் ஓட்டுப் போடுகிறவரும் ஒரே ஆள் என்று நாம் ஏன் எடுத்துக்கொள்கிறோம்? ஏழ்மை மிகுந்த கவுண்டிகளில் ஓட்டுச்சாவடிக்கே வராதவர்கள் ஏராளம். வருகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூட ஊழியர், சிறைக் காவலர், ஓய்வூதியக்காரர். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் காப்பீடு வாங்குவது மகிழ்ச்சி தருமா எரிச்சல் தருமா என்பது உங்கள் தெருவில் இலவசங்களைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்டாலே தெரியும்.

அப்படியானால் திரும்பி வருமா என்றால், அதிபர் தேர்தலில் என் ஆயுளில் வராது. 60 ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது போய் இப்போது நாலில் மூன்று பங்குக்கு மேல் அந்தப் பக்கம். மாநில அளவில் 2022-ல் குடியரசுக் கட்சிப் பதிவு ஜனநாயகக் கட்சிப் பதிவை முந்திவிட்டது. தாத்தா பதிந்த கட்சியில் பெயர் கிடக்கட்டும் என்று விட்டு வைத்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றிக்கொள்கிறார்கள் அல்லது காலமாகிறார்கள். ஊர்ப் பதவிகள்தான் மிச்சம் இருக்கும் கேள்வி. ஷெரிஃப், கிளர்க், ஜெயிலர் எல்லோருக்கும் அடுத்த தேர்தல் 2026 நவம்பரில். மே மாத முதற்கட்டத்தில் ஜெயிலர் பதவிக்கு எந்தக் கட்சியின் சீட்டில் அதிகம் பேர் முட்டி மோதுகிறார்கள் என்று நான் பார்ப்பேன்.